சூடானால்தான் நல்ல எம்ப்பா?



நீளமான பதிவுதான். கரண்ட் பில் கட்டுகிற எல்லோரும் வாசியுங்கள். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

எம்ப்ளிபயர் ஒன்று வாங்கப் போனால் நம்மவர்கள் முதலில் செய்யும் வேலை, மூடிக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. சுட்டால் முகத்தில் ஒரு திருப்தி. "சூடாகினாத்தான் நானா சாமான் ஒரிஜினல். சூடாகாட்டி அது சும்மா சைனா சாமான்" என்று கடையில் நிற்கும் தம்பியும் சொல்வார். அந்தச் சொல்லை நம்பி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டியைக் கண்டியிலிருந்து த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வத்தேகமைக்கு வருகிறோம்.

பாடசாலையில் நாங்கள் மூன்று நான்கு ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள். இதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தோம். கேட்பார் இல்லை. அதனால் இப்போது உரத்துச் சொல்கிறோம்: எம்ப்பின் சூடு அதன் தரத்துக்குச் சான்று அல்ல. நீங்கள் காசு கட்டி வாங்கிய கரண்ட், ஸ்பீக்கருக்குப் போகாமல் காற்றில் போகிறது என்பதற்கு மட்டும்தான் அது சான்று.

ஏன் இப்போது இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்தில், வத்தேகம, மடவளை, தெல்தெனிய எங்கும், நல்ல சின்ன ஸ்பீக்கர்கள் வீடுகளுக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. காரணம் கடை அல்ல, கட்டார், டுபாய், ரியாத்தில் வேலை செய்யும் நமது தம்பிமார். உதாரணத்துக்கு கெஃப் கம்பனியின் எல்.எஸ்.50 ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 இல் அந்தக் கம்பனியின் ஐம்பதாவது ஆண்டுக்காக வெளிவந்தது. ஒன்றின் நிறை 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சோடி 15 கிலோவைத் தாண்டாது. உடுப்பைச் சுற்றி லக்கேஜில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். எம்ப்ளிபயரை அப்படிக் கொண்டுவர முடியாது, நிறை விடாது. ஆகவே ஸ்பீக்கர் வெளிநாட்டிலிருந்து வருகிறது, எம்ப் இங்கே வாங்கப்படுகிறது. அந்தத் தம்பி எத்தனை மாதம் வெயிலில் நின்று மிச்சம் பிடித்த காசு அது. இங்கே உம்மாவும் வாப்பாவும் கேட்கட்டும் என்று வாங்கி அனுப்பியிருக்கிறான். கடைசி முடிவை எடுப்பது யார்? உள்ளங்கை!

சரி, பாடத்துக்கு வருவோம். ஓ.எல். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதுதான். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. சுவரிலிருந்து 200 வொட் எடுத்து ஸ்பீக்கருக்கு 1 வொட் கொடுத்தால், மிச்சம் 199 வொட் எங்கே? வெப்பம். வேறு வழியே இல்லை. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்த ஆட்களே கடைக்குள் போனதும் மறந்துவிடுகிறார்கள்.

இதில் வகைகள் இருக்கின்றன. கிளாஸ் ஏ என்ற வகையில், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ட்ரான்சிஸ்டர்கள் முழு நேரமும் முழுக் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் சத்தத்தை முற்றாக அணைத்தாலும் மீட்டர் ஓடும். அதன் வினைத்திறன் கணக்குப்படியே 50 வீதத்தைத் தாண்ட முடியாது, சாதாரணமாகக் கேட்கும்போது அதில் ஒரு சிறு பங்குகூட வராது. அடுத்தது கிளாஸ் ஏபி. நமது வீடுகளில் இருக்கும் பெரும்பாலான செட்கள் இந்த வகை. சும்மா இருக்கும்போது கொஞ்சம் சூடு, வேலை செய்யும்போது கூடுதல் சூடு. மூன்றாவது கிளாஸ் டீ. இதில் ட்ரான்சிஸ்டர் ஒரு சுவிட்சைப் போல ஒரு விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடும். முழுதாகத் திறந்த சுவிட்சிலும் முழுதாக மூடிய சுவிட்சிலும் வெப்பம் மிகக் குறைவு. அதனால் முழு வேகத்தில் ஓடும்போது 90 வீதமளவில் ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது.

இந்த டீ என்பது டிஜிட்டல் என்பதன் சுருக்கம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. ஏ, பி, சி க்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். புதிய சரக்கும் அல்ல. இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேயர் 1964 லேயே எக்ஸ்-10 என்று ஒரு கிட் விற்றார். அந்தக் காலத்து ட்ரான்சிஸ்டர் அந்த வேகத்துக்கு ஓடவில்லை, சாமான் பேர் கெட்டுப்போனது. யோசனையில் குறையில்லை, பாகத்தில்தான் குறை.

இனி, சூட்டை நம்புகிறவர்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. அறுபதுகளில் ட்ரான்சிஸ்டர் எம்ப்கள் வந்தபோது, மேல் பாதி அலையை ஒரு ட்ரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் எடுத்துக்கொண்டன. கை மாறும் இடத்தில் ஒரு சின்ன உடைவு. அது காதுக்குக் கரகரவென்று கேட்கும், அதுவும் மெல்லிய சத்தத்தில்தான் அதிகம் தெரியும். அதற்கு மருந்து, ட்ரான்சிஸ்டரை அணையவே விடாமல் வைத்திருப்பது. அதாவது எப்போதும் கரண்ட், எப்போதும் சூடு. 1969 இல் ஜோன் லின்ஸ்லி ஹுட் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு 10 வொட் கிளாஸ் ஏ எம்ப்பின் வரைபடத்தை வெளியிட்டார். இன்றுவரை உலகம் முழுக்க வீட்டில் பூட்டுகிறார்கள். இங்கிலாந்தின் சக்டன் கம்பனி அந்தக் காலத்திலிருந்தே கிளாஸ் ஏ செய்து பேர் எடுத்தது. அந்தப் பத்து வருடத்துக்கு "சூடானது நல்லது" என்பது கிட்டத்தட்ட உண்மையாகவே இருந்தது. எங்கள் வாப்பாமார் காலத்து உண்மை.

ஆனால் 1975 இலேயே குவாட் கம்பனியின் பீட்டர் வோக்கர் அந்தக் கதையை முடித்துவிட்டார். குவாட் 405 என்று ஒரு எம்ப். ஒரு பக்கத்துக்கு 100 வொட். வேலைக்காரனும் மேற்பார்வையாளரும் போல இரண்டு பகுதி: ஒரு சின்ன, சுத்தமான எம்ப் சத்தத்தின் நுணுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். பாரம் தூக்கும் பெரிய ட்ரான்சிஸ்டர்களோ தேவைப்படும்போது மட்டும் எழும்பி வேலை செய்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவை செய்யும் பிழையைச் சின்னது அப்போதைக்கப்போதே திருத்திவிடும். சும்மா இருக்கும்போது பெட்டி குளிர்ந்துதான் கிடக்கும். 1978 இல் பிரித்தானிய மகாராணியின் விருது அதற்குக் கிடைத்தது. கிளாஸ் டீயைப் பற்றி இங்கே ஒருவரும் பேசாத காலம் அது. ஐம்பது வருடமாகிறது. வத்தேகம பஸ் நிலையத்துக்கு மட்டும் இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலும்.

இப்போது நமது வீட்டுக்குள் வாருங்கள். இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் குளிர்காலத்தில் கிளாஸ் ஏ எம்ப் ஓடினால் ஹீட்டர் செலவு மிச்சம். அங்கே அது ஒரு நன்மை என்றே வைத்துக்கொள்வோம். நமது ஹோலில் நடப்பது வேறு. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். கீழ்த்தட்டில் எம்ப், அதற்கு மேல் டிவி பொக்ஸ், அதற்கு மேல் உம்மா தைத்த பூப்போட்ட துணி. தூசு படக்கூடாது என்று கதவும் சாத்தியிருக்கும். காற்று போக ஒரு துளையும் கிடையாது. கண்டி மலைநாடு, குளிர் என்று சொல்வார்கள். மார்ச், ஏப்ரலில் பகல் இரண்டு மணிக்கு ஓட்டுக்குக் கீழே இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு குளிர் என்று தெரியும்.

எம்ப்புக்குள்ளே கெபாசிட்டர் என்று உருளையாகச் சில பாகங்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். பொறியியலாளர்கள் எல்லோரும் ஏற்கும் கணக்கு ஒன்று உண்டு: அதைச் சுற்றி வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதி. இன்னொரு 10 பாகை கூடினால் அதிலும் பாதி. 20 வருடம் ஓட வேண்டியது 5 வருடத்தில் உப்பிப்போகும். அப்போது ரிப்பெயார் செய்பவர் சொல்வார், "கரண்ட் கூடக்குறைய வந்திருக்கும் சேர்." கரண்டில் பிழை இருக்கலாம்தான். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதாகச் சொன்னார்கள், நம் நாட்டில் எதுவும் நடக்கும். ஆனால் ஷோகேஸுக்குள் வைத்து அவித்ததில் நமக்குப் பங்கில்லையா?

பல்லிக் கதையையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சூடான பெட்டி என்றால் பல்லிக்கு மாளிகை. துளை வழியாகப் போய்ப் படுத்து, ஒரு நாள் இரண்டு முனைக்கு நடுவில் காலை வைத்து, தானும் செத்து எம்ப்பையும் கொன்றுவிடும். ரிப்பெயார் கடையில் கேட்டுப் பாருங்கள், வருடத்துக்கு எத்தனை பல்லி எடுக்கிறார்கள் என்று. குளிர்ந்த பெட்டிக்குப் பல்லி வராது என்று சத்தியம் பண்ண மாட்டோம். வருவதற்கு ஒரு காரணம் குறையும்.

ஜப்பான் செட் பைத்தியம் தனியாக ஒரு வியாதி. ரீகண்டிஷன் என்று கொள்கலனில் வரும் பழைய ஜப்பான் எம்ப்கள். அழகான முகப்பு, பாரமான குமிழ், சுற்றினால் கையில் ஒரு சுகம். மறுக்கவில்லை, அந்தக் கால வேலைப்பாடு வேலைப்பாடுதான். ஆனால் ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நமக்கு 230. ஆகவே பக்கத்தில் இன்னொரு ட்ரான்ஸ்போமர் பெட்டி வைக்க வேண்டும். அதுவும் சுடும், அதுவும் இரையும், அதுவும் யூனிட் தின்னும். மறந்துபோய் நேரே சுவரில் குத்தினால் ஒரே ஒரு தடவைதான். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் வீட்டில், விருந்துக்கு வந்த மருமகன் உதவி செய்கிறேன் என்று பிளக்கை மாற்றிக் குத்தியதில் இரண்டு மாத லோன் கட்டணம் புகையாகப் போனது. முப்பது வருடப் பழைய கெபாசிட்டர்களோடு வரும் அந்தப் பெட்டியை "இப்ப இப்பிடிச் சாமான் வாறல்ல" என்று விற்கிறார்கள். வராதது உண்மை. ஏன் வராது என்று யாரும் கேட்பதில்லை.

பில்லுக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னும் 66 வீதம். பிறகு குறைத்தார்கள், கூட்டினார்கள், அது அவர்கள் விளையாட்டு. ஆனால் படிமுறை அப்படியே இருக்கிறது: 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் யூனிட் விலையும் நிலையான கட்டணமும் பாயும். கணக்குப் போடுங்கள். கிளாஸ் ஏ எம்ப் ஒன்று 200 வொட் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம். மாதத்துக்கு 24 யூனிட். சும்மா இருக்கும்போது 45 வொட் இழுக்கும் ஏபி செட் என்றால் 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 10 வொட் இழுக்கும் கிளாஸ் டீ என்றால் 1.2 யூனிட். மாதம் 80 யூனிட் எரிக்கும் வீடு அந்த முதலாவது எம்ப்போடு 104 க்குப் போகும். 90 என்ற படி தாண்டியாகிவிட்டது. ஒரு பெட்டிக்காக. அதில் 23 யூனிட்டுக்கு மேல் காதுக்கு வரவேயில்லை, ஷோகேஸைச் சூடாக்கியது. பிள்ளை லைட்டை அணைக்க மறந்தால் கத்துகிற வாப்பா இதற்கு ஒன்றும் சொல்வதில்லை. வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, மத்தியானமே அதன் மேல் கை வைத்து ரசிக்கிறோம்.

"குளிர்ந்த எம்ப்புக்கு வலு இல்லை, பெரிய ஸ்பீக்கர் கொம்பனிச் சாமானை அது இழுக்காது" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம்.

சின்ன ஸ்பீக்கர் என்றால் சின்ன எம்ப் போதும் என்று நினைக்கிறோம். தலைகீழ். சின்னப் பெட்டியிலிருந்து நல்ல பாஸ் எடுக்க வேண்டுமென்றால் அதன் உணர்திறனை விட்டுக்கொடுக்க வேண்டும். பி.பி.சி. எழுபதுகளில் வெளிக்கள ஒலிபரப்பு வேன்களுக்கென்று செய்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் உணர்திறன் 83 டெசிபெல் கூட இல்லை. அதை நினைவில் வைத்துப் பிறந்த எல்.எஸ்.50 க்கு 85. மேடையில் வைக்கும் பெரிய பொக்ஸ்கள் இதைவிட எவ்வளவோ மேலே. டெசிபெல் 3 குறைந்தால் அதே சத்தத்துக்கு வலு இரட்டிப்பாக வேண்டும். 10 குறைந்தால் பத்து மடங்கு.

இப்போது நமது ஹோலில் எட்டு அடி தள்ளி உட்கார்ந்து, பேச்சுக் குரல் அளவுக்குக் கேட்கிறோம் என்று வையுங்கள். 85 டெசிபெல் ஸ்பீக்கர் சோடிக்கு அப்போது போவது கால் வொட் அளவுதான். நம்ப மாட்டீர்கள், கணக்கு அதுதான். ஆனால் ரபானில் ஒரு தட்டு, ஹனிபாவின் குரல் திடீரென்று மேலே ஏறும் இடம், இவை சராசரியைவிட 20 டெசிபெல் உயரலாம். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. கால் வொட் 25 வொட் ஆகிறது. கொஞ்சம் சத்தம் கூட்டிக் கேட்டால் 60, 70 என்று போகும். ஒரு கணம்தான், ஆனால் அந்தக் கணத்தில் எம்ப்பிடம் கொடுக்க இருக்க வேண்டும். ஆகவே தேவை, முழு நேரமும் கொதிக்கும் 20 வொட் பெட்டி அல்ல. சும்மா இருக்கும்போது குளிர்ந்து கிடந்து, கேட்ட கணத்தில் 100 வொட் கொடுக்கும் பெட்டி. கடைக்காரர் சொல்லும் பாரத்தைத் தூக்குவது இதுதான்.

அடுத்தது ஓம் கணக்கு. எல்.எஸ்.50 இன் தாளில் 8 ஓம் என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், ஆகக் குறைந்தது 3.2 ஓம் என்றும் இருக்கும். சில சுரங்களில் அதன் தடங்கல் அவ்வளவு கீழே இறங்குகிறது. அந்த நேரத்தில் எம்ப் இரண்டு மடங்குக்கு மேல் கரண்ட் கொடுக்க வேண்டும். "6 முதல் 16 ஓம் வரை" என்று பின்பக்கம் எழுதிய சாதாரண ரிசீவர் இதில் கொட்டினால் என்ன நடக்கும்? சுடும். அதைப் பார்த்து நாம் "ஆ, வேலை செய்யுது" என்கிறோம். அது மூச்சு வாங்குகிறது! சில ஸ்பீக்கர்களுக்கு உணர்திறனை 2.83 வோல்ட்டுக்கு என்று போட்டிருப்பார்கள். 8 ஓமில் அது 1 வொட், 4 ஓமில் 2 வொட். 4 ஓம் ஸ்பீக்கரில் 87 என்று பார்த்தால் வொட் கணக்கில் அது 84. இந்தத் தந்திரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சூட்டுக்காரர்களைத் திட்டினோம். இனி மற்றப் பக்கம். குளிர்ந்தது எல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவே இல்லை. புறக்கோட்டையிலும் ஒன்லைனிலும் சிகரெட் பெட்டியளவு எம்ப்கள் குவிந்து கிடக்கின்றன. "50 + 50 வொட்" என்று எழுதியிருக்கும். உள்ளே பெரும்பாலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டீபிஏ3116 சிப். கெட்ட சிப் அல்ல. ஆனால் அந்த 50 வொட் என்பது 10 வீதம் சிதைவோடு அளந்தது. பத்து வீதம் சிதைந்த சத்தத்தை நீங்கள் நிம்மதியாகக் கேட்க மாட்டீர்கள், அடுத்த வீட்டார் கேட்கச் சகிக்க மாட்டார்கள். அதோடு தருவது பழைய லெப்டொப் அடெப்டர் ஒன்று, 19 வோல்ட். சுவரிலிருந்து 65 வொட் எடுக்கும் அடெப்டர் 100 வொட் கொடுக்குமா? மறுபடி ஓ.எல். கேள்வி. இதை வாங்கிவந்து எல்.எஸ்.50 இல் பூட்டி, பெருநாள் இரவில் முழுக்கத் திருகினால், அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். முதலில் சாகிறது ட்வீட்டர். தம்பியின் வெயில் காசு. 3000 வொட் பீஎம்பீஓ என்று அட்டைப் பெட்டியில் போடுகிறவர்களைப் பற்றி எழுதப்போனால் பதிவு இன்னும் இரண்டு மடங்காகும், விட்டுவிடுவோம்.

ஆக, எதைப் பார்த்து வாங்குவது? கடையில் கையை எடுத்துவிட்டுப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். சுவரிலிருந்து எத்தனை வொட் என்று இருக்கும், அதைவிடக் கூடுதலாக எந்தப் பெட்டியும் தொடர்ந்து கொடுக்காது. பிறகு, 4 ஓமில் எத்தனை வொட், எத்தனை வீதச் சிதைவில் என்று கேளுங்கள். 1 வீதத்துக்குக் கீழே, 4 ஓமில் 100 வொட் என்றால் இந்த வகை ஸ்பீக்கருக்கு நமது ஹோலில் தாராளம். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கிளாஸ் டீயில் இன்னொரு கேள்வி முக்கியம். அதன் வெளியே போகும் வாசலில் ஒரு சுருளும் ஒரு கெபாசிட்டரும் கொண்ட வடிகட்டி இருக்கும். மலிவான எம்ப்களில், திருத்தும் சுற்று அந்த வடிகட்டிக்கு முன்னாலேயே நின்றுவிடும். அதனால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மேல் சுரம் மாறிக் கேட்கும். ஒன்றில் குத்தும், இன்னொன்றில் மங்கும். "கிளாஸ் டீ காதைக் குத்துது" என்று சொன்ன பழையவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, அவர்கள் கேட்டது இதைத்தான். புரூனோ புட்சேஸ் என்ற பெல்ஜியப் பொறியியலாளர் பிலிப்ஸில் இருந்தபோது, வடிகட்டிக்குப் பின்னாலிருந்து திருத்தும் முறையை 2000 களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். ஹைபெக்ஸ், பிறகு ப்யூரிஃபை என்று அந்த வழி வளர்ந்தது. டென்மார்க்கின் ஐஸ்பவரும் தன் வழியில் அதைத் தீர்த்தது. இன்று ஐரோப்பாவின் மிக விலை கூடிய எம்ப்கள் சிலவற்றின் உள்ளே இருப்பது இந்தத் தட்டுகள்தான். டீபிஏ3255 சிப் வைத்த புதிய சின்னப் பெட்டிகளிலும் இப்போது சிலவற்றில் இந்தத் திருத்தம் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று மொடலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், பவர் சப்ளையும் தகுந்ததாக இருக்க வேண்டும்.

"அதுல உயிர் இல்ல சேர்." இது கடைசி ஆயுதம். அளவுக் கருவியால் அளக்க முடியாத ஒன்றைச் சொன்னால் யாரும் பதில் சொல்ல முடியாது என்ற தைரியம். அமெரிக்காவில் 1985 இல் பொப் கார்வர் என்பவர் 'ஸ்டீரியோஃபைல்' சஞ்சிகைக்காரரிடம் சவால் விட்டார்: நீங்கள் தெரிவு செய்யும் மிக விலை கூடிய எம்ப்பின் சத்தத்தை, என்னுடைய மலிவான எம்ப்பில் இரண்டு நாளில் கொண்டுவருகிறேன் என்று. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து செய்தும் காட்டினார், சஞ்சிகைக்காரர்களால் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை. பிறகு ரிச்சர்ட் கிளார்க் என்பவர், சத்த அளவைச் சமமாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு எம்ப்பைப் பிரித்தறிந்தால் 10,000 டொலர் என்றார். எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்தார்கள். பணம் அவரிடமே இருந்தது. எல்லைக்குள் ஓடும் நல்ல எம்ப்களுக்கிடையே வித்தியாசமே இல்லை என்று நாங்கள் அறுதியிட மாட்டோம். கையில் சூடு தெரிந்தால் காதில் உயிர் கேட்கும் என்பதை மட்டும் ஏற்க மாட்டோம்.

சொந்தமாகச் சோதிக்க நல்ல வழி உண்டு. ஷேக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் கிராஅத்தைப் போடுங்கள். 1961 இல் முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவர் அவர். ஆயத் முடிந்து மூச்செடுக்கும் இடைவெளியில் காதை ஸ்பீக்கருக்குக் கிட்ட வையுங்கள். மலிவான எம்ப்பில் "ஸ்ஸ்" என்று கேட்கும், பாரமான பழைய ட்ரான்ஸ்போமரில் "ம்ம்" என்று கேட்கும். நல்லதில் ஒன்றும் கேட்காது. பிறகு குரல் எழும்பும்போது இரும்பில் தட்டினாற்போல் இல்லாமல் தொண்டையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஓதலுக்குச் சரியான எம்ப் மற்றதுக்கும் சரியாகத்தான் இருக்கும். (மற்றது ஆகுமா ஆகாதா என்ற வழக்கைக் கமெண்டில் ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு வேறு பதிவுகள் இருக்கின்றன, ஆட்களும் இருக்கிறார்கள்.)

கிளாஸ் ஏ வைத்திருக்கும் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். தனி அறை, திறந்த தட்டு, சோலர் பனல், காசு, பொறுமை எல்லாம் உள்ளவர் அதை வைத்து ரசிக்கட்டும். அது அவர் ருசி. ஆனால் அவரைப் பார்த்து, மூடிய ஷோகேஸும் சிறு பிள்ளைகளும் உள்ள ஓர் ஆசிரியர் வீட்டுக்கு, ஒரு மரக்கறிக் கடைக்காரர் வீட்டுக்கு, "இதுதான் ஒரிஜினல்" என்று அதே பெட்டியைத் தலையில் கட்டாதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை கை வைக்கும் உயரத்தில்தான் நமது கீழ்த்தட்டு இருக்கிறது.

ஏற்கெனவே சூடான செட் வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றிரவே செய்யக்கூடியது: கண்ணாடிக் கதவைக் கழற்றுங்கள், துணியை எடுங்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள், கேட்காத நேரம் ரிமோட்டால் அல்ல, சுவரில் அணையுங்கள். ஒக்டோபர், நவம்பர் இடி மின்னல் காலத்தில் பிளக்கையே கழற்றுங்கள், அது எந்த வகை எம்ப்புக்கும்தான்.

வாங்க இருப்பவர்கள் ஸ்பீக்கரின் மொடல் இலக்கத்தையும், கடையில் சொன்ன எம்ப்பின் மொடல் இலக்கத்தையும், முடிந்தால் பின்பக்கத் தகட்டின் போட்டோவையும் கமெண்டில் போடுங்கள். மஃரிபுக்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்கிறோம். விலையைப் போட மறக்காதீர்கள், அதையும் பார்க்க ஆசை.